நின்றபடி மாட்டிய படம்

7

குதிரை வீரனின் தலையைக் கடித்துத் தின்றாயிற்று. இனி குதிரையை எந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பது என்று நிவெஸ் யோசித்துக்கொண்டு நின்றாள். 1961, நவம்பர் பதினொன்று. அன்றைக்கு வெனிஸ் நகரத்து பேக்கரிகளில் வேறு பிஸ்கட் கண்ணில் படாது. வாளை உருவிக்கொண்டு குதிரைமேல் உட்கார்ந்திருக்கும் புனித மார்ட்டின்தான், சர்க்கரைப் பூச்சோடு, சிவப்பு ரிப்பன் கட்டிய பெட்டியில் கிடைப்பார்.

"முதலாளி, வால் வேணுமா?"

"வேலை நேரத்துல குதிரை எதுக்கு?"

"வாலைத் தின்னத்தானே சொன்னேன். ஏறிப் போகவா சொன்னேன்?"

துல்லியோ ப்ரகாட்டோ சிரிக்கவில்லை. பதுவா ரயில் நிலையத்தில் தொலைந்த பொருள்களைப் பாதுகாக்கும் அறையில் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்திருந்தவர் அவர். ஒரு குடையைக் கையில் கொடுத்தால் அதை விட்டுப்போனவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று சொல்வார். ஓய்வு பெற்றபின் துப்பறியும் அலுவலகம் வைத்தார். தட்டச்சு செய்யவும் கார் ஓட்டவும் நிவெஸை வேலைக்கு எடுத்தார். வாய் பேசுவதற்கு அவர் எடுக்கவில்லை, அது சம்பளம் இல்லாமல் கூடவே வந்தது.

அவர்கள் நின்றது ஒரு படக்கூடத்தின் வாசலில். கால்வாய்க்கு எதிர்ப்புறம், காப்பிக் கடையின் கண்ணாடிக்குப் பின்னால், எல்டா மாந்தோவான் உட்கார்ந்திருந்தாள். பதுவாவில் ஒரு கன்னியர் மடத்தின் சலவைக்கூடத்தில் துணி துவைப்பவள். வழக்கு அவளுடையது.

அவள் கணவன் எர்மெஸ் வீடுகளுக்கு வெள்ளையடிக்கிறவன். மிஞ்சின சுண்ணாம்பையும் சாயத்தையும் வைத்துக்கொண்டு எது தலை எது கால் என்று புரியாத படங்கள் போடுகிறவன். பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு நவம்பரில் காணாமல் போனான். ஆற்றின் பெயர் போ. அந்த வருஷம் நவம்பர் பதினாலாம் தேதி அது வந்தது. கரையை உடைத்துக்கொண்டு ஒரு மாவட்டத்தையே மூழ்கடித்தது. வெள்ளத்தில் போனானா, எப்போதும் அவன் சொல்லிக்கொண்டிருந்தபடி அர்ஜென்டினாவுக்குக் கப்பலேறினானா என்று யாருக்கும் தெரியாது. பத்து வருஷம் தகவலே இல்லாதவரை இறந்தவராக அறிவிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. அதற்கான விண்ணப்பம் எல்டாவுக்கு வந்துவிட்டது. வரும் செவ்வாய்க்கிழமை கையெழுத்துப் போடவேண்டும்.

அந்த நேரம் பார்த்து, மடத்துக் குப்பைத் தாள்களுக்கு நடுவே ஒரு கண்காட்சிக் கையேடு அவள் கையில் அகப்பட்டது. அதில் எர்மெஸ் மாந்தோவான் என்று அச்சடித்திருந்தது. கீழே, 'சான் மார்ட்டின், புவெனஸ் அயர்ஸ், 1951'. கப்பலேறிப் போனவன் வெள்ளத்தில் சாகமுடியாது. எல்டா கேட்டது அதற்கு ஓர் அத்தாட்சி மட்டும்தான்.

"நமக்கு வந்த கேஸ்லயே முதல் தடவையா ஆள் உயிரோட கிடைக்கப்போறான்" என்றாள் நிவெஸ், குதிரையின் முன்னங்காலை மென்றபடி. "குடை கிடைச்சிருக்கு, நாய் கிடைச்சிருக்கு. புருஷன் இதுதான் முதல்."

"கிடைச்சப்புறம் சொல்லு" என்று கதவைத் தள்ளினார் ப்ரகாட்டோ.

படக்கூடத்தின் சொந்தக்காரர் மெனிகூச்சி ரோமாபுரிக்காரர். வெனிஸுக்கு வந்து பத்து வருஷமாகியும் ஈரத்தைத் திட்டுவதை அவர் நிறுத்தவில்லை. படத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டு இரண்டடி தள்ளி நின்றார், கோயிலில் நிற்பதுபோல.

ஆள் உயரத்துக்கு நெட்டையான படம். முழுக்கச் சுண்ணாம்பு வெள்ளை, சுரண்டிச் சுரண்டி மறுபடி பூசியது. நடுவே ஒரு நீலக் கட்டம். நாலைந்து கறுப்புக் கீறல்கள். இடது ஓரமாக, மேலிருந்து கீழ்வரை, நூல் பிடித்ததுபோல ஒரு பழுப்புக் கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் எல்லாமே கொஞ்சம் அழுக்கு நிறம்.

"அந்தக் கோட்டைப் பாருங்க" என்றார் மெனிகூச்சி. "நாடு விட்டுப் போனவனோட காயம். பெரிய விமரிசகர் ஒருத்தர் அதைப் பத்தி மட்டும் ரெண்டு பக்கம் எழுதியிருக்கார்."

"எனக்குக் காப்பி சிந்தின மாதிரி இருக்கு" என்றாள் நிவெஸ்.

"உங்களுக்கு அப்படித்தாம்மா இருக்கும்."

வெளியே பிள்ளைகள் கூட்டமாகப் பாத்திரத்தைத் தட்டிக்கொண்டு போனார்கள். சான் மார்ட்டின், சான் மார்ட்டின் என்று ஒரே கூச்சல். வருஷா வருஷம் அன்றைக்கு அப்படித்தான், மிட்டாய் கொடுக்கிறவரை விடமாட்டார்கள். மெனிகூச்சி முகத்தைச் சுளித்துக்கொண்டு போய் ஜன்னலை மூடினார்.

"இந்தச் சத்தம் மட்டும் எனக்குப் பழகவே இல்லை. என்ன சொல்லிட்டிருந்தேன்?"

"பின்பக்கத்தைக் காட்டறேன்னு சொல்லிட்டிருந்தீங்க" என்றார் ப்ரகாட்டோ. மெனிகூச்சி அப்படிச் சொல்லவே இல்லை. ஆனாலும் காட்டினார்.

பின்னால், கட்டையில், தச்சன் பென்சிலால் எழுதியிருந்தது: 'சான் மார்ட்டின் 51'. எல்டா கொடுத்திருந்த பழைய அஞ்சலட்டையை நிவெஸ் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். 'மா'வுக்குரிய எழுத்தின் கடைசிக் கால் இரண்டிலும் தரையில் இழுபட்டிருந்தது. அவன் கைதான்.

"நம்ம புனிதர்னா சான் மார்ட்டினோன்னு முடியணும்" என்றார் மெனிகூச்சி. "கடைசியில 'னோ' இல்லை, கவனிச்சீங்களா? அது ஸ்பானிஷ். அர்ஜென்டினாவோட விடுதலைத் தளபதி பேர் சான் மார்ட்டின். புவெனஸ் அயர்ஸ்ல அவர் பேர்ல ஒரு சதுக்கமே இருக்கு. இதை நானேதான் கண்டுபிடிச்சேன்."

"முதலாளி, நம்ம பொழப்புக்கே வேட்டு வைக்கறார்" என்று முணுமுணுத்தாள் நிவெஸ். ஆனால் அவளுக்கு உள்ளுக்குள் சந்தோஷம் பொங்கியது. ஓடிப்போய்க் கண்ணாடிக்கு அப்பால் இருக்கிற எல்டாவிடம் சொல்லவேண்டும் போலிருந்தது.

ப்ரகாட்டோ எழுத்தைப் பார்க்கவில்லை. சட்டத்தின் நீளவாட்டுப் பக்கம் துருப்பிடித்த இரண்டு கம்பி வளையங்கள் இருந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை யார் அடிச்சது?"

"வாங்கறப்பவே இருந்தது. மாட்டறதுக்கு நாங்க மேலே புதுசா அடிச்சுக்கிட்டோம்."

"எந்தக் கப்பல்ல வந்தது?"

மெனிகூச்சி மோதிரத்தைத் திருகினார். "கப்பல்னா... கியோஜா துறைமுகத்துல ஒரு பழைய சாமான்காரன்கிட்ட வாங்கினது. அம்பத்து மூணுல. யாரோ மாலுமி கொண்டாந்து கொடுத்ததா அவன் சொன்னான். அவனும் செத்துட்டான். மாலுமி கொண்டாந்தான்னா கடல் தாண்டித்தானே வந்திருக்கணும்?"

ப்ரகாட்டோ தலையாட்டினார். பிறகு நிவெஸைப் பார்த்து ஒரு கண்ணை மூடித் திறந்தார். அவளுக்கு அந்தப் பாஷை தெரியும். உடனே கடைசி அறையில் தொங்கிய ஒரு படத்தைக் காட்டி, அது பசுவா பியானோவா என்று மெனிகூச்சியை இழுத்துக்கொண்டு போனாள். அவர் ஐந்து நிமிஷம் விளக்கினார். விளக்கம் முடிந்தபிறகும் அது பசுவாகத்தான் இருந்தது. திரும்பி வந்தபோது ப்ரகாட்டோவின் கையில் பிஸ்கட் பெட்டியின் சிவப்பு ரிப்பன் இருந்தது. அதில் இரண்டு முடிச்சுகள் விழுந்திருந்தன.

தெருவுக்கு வந்ததும் அவர் வலது கை ஆள்காட்டி விரலை நீட்டிக் காட்டினார். நுனியில் பழுப்பு.

"எச்சில் தொட்டு அந்தக் காயத்தைத் தடவினேன்" என்றார்.

"ருசி எப்படி?"

அவர் விரலைக் கைக்குட்டையில் துடைத்து, கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். எவ்வளவு மோசமான ஜோக்குக்கும் ஒரு புருவமாவது உயர்த்துவார். அன்றைக்கு அதுவும் இல்லை.

காப்பிக் கடையில் எல்டா எழுந்தே நின்றுவிட்டாள். அவள் முன்னால் இருந்த காப்பி ஆடை கட்டிக் கிடந்தது. சலவைக்காரக் கைகள், சோடா உப்பில் சிவந்து வெடித்தவை, கையேட்டைச் சுருட்டிப் பிடித்திருந்தன.

"அவர் கையெழுத்துதானா?"

"அவர் கைதான் எல்டாம்மா" என்றாள் நிவெஸ்.

எல்டா உட்கார்ந்தாள். அழவில்லை. "படுபாவி" என்றாள், வாய் நிறையச் சிரிப்போடு. "அப்ப நெஜமாவே போயிட்டான். வெயில் காயறான் அங்க. எவளாவது ஒருத்தி வந்து குழம்பு கிண்டிப் போட்டுட்டிருப்பா. இருக்கட்டும். செவ்வாக்கிழமை அந்தத் தாளைக் கிழிச்சு அவங்க மேஜைமேலயே போடறேன்."

"கடைசியா என்ன சண்டை?" என்று கேட்டார் ப்ரகாட்டோ.

"சண்டைக்கு என்னங்கய்யா பஞ்சம்? அந்த வருஷம் பண்ணைக்காரங்க எங்களை வேற வீட்டுக்குப் போகச் சொல்லிட்டாங்க. சான் மார்ட்டின் பண்ணணும். நான் பதுவாவுல வேலைக்குச் சேர்ந்த புதுசு. புது வீட்டைப் போய்ப் பார்த்தேன். சுவரெல்லாம் கரி. ஊருக்கெல்லாம் வெள்ளையடிக்கறே, உன் பொண்டாட்டி மட்டும் அடுப்புக்குள்ள குடியிருக்கணுமா, நீலம் அடிச்சாத்தான் வருவேன், இல்லேன்னா அர்ஜென்டினாவுக்கே போய்த் தொலைன்னுட்டு பஸ் ஏறிட்டேன். போயே தொலைஞ்சான். வெள்ளம் வடிஞ்சு வந்து பார்த்தா பழைய வீடு காலி. எல்லாத்தையும் வித்துட்டு டிக்கெட் எடுத்துட்டான்னு நெனச்சுக்கிட்டேன். புது வீட்டுக்குப் போனானான்னு பண்ணை மேஸ்திரியைக் கேட்டேன். சாவியே வாங்கலைன்னார்."

நிவெஸின் கை குதிரையின் வாலோடு வாய்க்குப் பாதி வழியில் நின்றது.

சான் மார்ட்டின் பண்ணணும். ஆற்றோரத்துப் பண்ணைகளில் குத்தகை முடிவது நவம்பர் பதினொன்றாம் தேதி. அன்றைக்குத்தான் கூலிக் குடும்பங்கள் சட்டிபானையை வண்டியில் ஏற்றிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகும். அங்கே யாரும் வீடு மாறுகிறோம் என்று சொல்லமாட்டார்கள், சான் மார்ட்டின் பண்ணுகிறோம் என்பார்கள். வார்த்தையின் கடைசி எழுத்தை விழுங்கிவிடுவது அந்தப் பக்கத்து வாயின் பழக்கம். ஸ்பானிஷும் இல்லை, தளபதியும் இல்லை. நிவெஸ் அதே பேச்சில் வளர்ந்தவள். அரை மணி நேரத்துக்கு முன் ஜன்னலுக்கு வெளியே பிள்ளைகள் தொண்டை கிழியக் கத்தியது அதைத்தான்.

அவள் ப்ரகாட்டோவைப் பார்த்தாள். அவர் பார்வை வேறெங்கோ இருந்தது.

"அந்தப் புது வீடு இன்னும் இருக்கா எல்டாம்மா?" என்று கேட்டார் ப்ரகாட்டோ.

"சுவர் நிக்குது. யாரும் குடியில்லை. எதுக்குங்கய்யா?"

"நாங்க ஒரு நடை போய்ப் பார்த்துட்டு வந்துடறோம். நீங்க பதுவாவுக்குப் போங்க."

"என்னை விட்டுட்டா? நல்லாருக்கே" என்று எல்டா கோட்டை மாட்டிக்கொண்டாள்.

சின்ன ஃபியட் காரில் இரண்டு மணி நேரம். வழி முழுக்க மூடுபனி. பின்சீட்டில் எல்டா ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாள், பத்து வருஷத்தில் பேசாததையெல்லாம். புவெனஸ் அயர்ஸுக்குத் தபால்தலை என்ன ஆகும், அங்கே இப்போது வெயில் காலம்தானே, அவனுக்கு வெயிலில் மூக்குத் தோல் உரியும் என்று. முன்சீட்டில் இருவரும் வாய் திறக்கவில்லை. ஒரு தடவை எல்டா, "ஏம்மா நிவெஸ், காலையில எல்லாம் அவ்வளவு பேசினியே" என்று கேட்டாள். பிஸ்கட் தொண்டையில் அடைத்துக்கொண்டது என்றாள் நிவெஸ்.

வீடு ஆற்றங்கரைக்குக் கீழே, வயல் நடுவில் தனியாக நின்றது. செங்கல் தெரிய உரிந்த சுவர். மாடி ஜன்னலின் பாதி உயரத்தில், வெளியில் நின்று பார்த்தாலே தெரிகிற மாதிரி, பழுப்பாக ஒரு நீர்க்கோடு வீட்டைச் சுற்றி ஓடியது.

ப்ரகாட்டோ வாசலில் நின்று கதவை மேலும் கீழும் பார்த்தார். நிவெஸும் பார்த்தாள். உள்ளே ஒரு கொண்டி, வெளியே ஒரு கயிறு. அவ்வளவுதான்.

"மேஸ்திரி எந்தச் சாவியைச் சொன்னார்?" என்றாள் மெல்ல. "இந்தக் கதவுக்குப் பூட்டே இல்லை."

"அவர் வந்து பார்க்கலை. குறிப்பேட்டைப் பார்த்துச் சொல்லியிருக்கார்" என்றார் ப்ரகாட்டோ.

எல்டாவின் பேச்சு நின்றது.

மரப்படி பாதி உளுத்துப்போயிருந்தது. சுவரோரமாகக் கால்வைத்து ஏறினார்கள். மாடியில் ஒரே அறை. மூலையில் இரும்புக் கட்டில், துருவேறியது. அறையைச் சுற்றி, தலைக்குக் கொஞ்சம் கீழே, அதே நீர்க்கோடு. கோட்டுக்குக் கீழே சுவர் சேற்றின் நிறம். கோட்டுக்கு மேலே, கூரை வரைக்கும், நாலு பக்கமும் நீலம்.

நல்ல நீலம். ஒரு கரித்துளி இல்லாமல், மூலை முடுக்கு விடாமல், இரண்டு தடவை பூசியது.

கட்டிலுக்கு மேலே சுவரில் இரண்டு ஆணிகள் இருந்தன. ப்ரகாட்டோ சட்டைப்பையிலிருந்து ரிப்பனை எடுத்தார், படத்தில் வளையத்துக்கு வளையம் ஒன்று, வளையத்திலிருந்து கோட்டுவரை ஒன்று என்று அளந்து முடிச்சுப் போட்டதை. கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு ஒரு முனையை நிவெஸிடம் கொடுத்தார். அவள் அதை இடது ஆணியில் வைத்தாள். முதல் முடிச்சு வலது ஆணிமேல் வந்து உட்கார்ந்தது. ரிப்பனைக் கீழே தொங்கவிட்டார். இரண்டாவது முடிச்சு நீர்க்கோட்டின்மேல் நின்றது.

"சொல்லுங்க" என்றாள் எல்டா.

"படத்தை அவர் படுக்கவெச்சு மாட்டியிருந்தார். கடைக்காரர் நிக்கவெச்சு மாட்டியிருக்கார். ஓரத்துல இருக்கற கோடு சாயம் இல்லை எல்டாம்மா. இந்தத் தண்ணி. வெள்ளம் வந்தப்ப படம் இங்கதான் இருந்தது. வடிஞ்சப்புறம் சாமான் பொறுக்க வந்தவன் எவனோ கழட்டிட்டுப் போயிருக்கான். பின்னால எழுதியிருக்கறது ஊர் பேர் இல்லை. வீடு மாறினது. அதுதான் அந்தப் படத்தோட பேர்."

எல்டா சுவரைத் தொடவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள். "அதுல நீலம் இருக்கா?"

"நடுவுல. இதே நீலம்" என்றாள் நிவெஸ்.

"வாளியில மிஞ்சினதுல போட்டிருப்பான்."

வெளியே எங்கோ ஒரு வாத்து கத்தியது. எல்டா கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "படகு வந்திருக்கலாம். கூரை ஏறியிருக்கலாம். எத்தனை பேர் தப்பிச்சாங்க. படத்தை விட்டுட்டு உயிர் தப்பினா போதும்னு..."

ப்ரகாட்டோ தொப்பியைக் கழற்றினார். இதைச் சொல்லாமல் தப்பிக்க வழி இருக்கிறதா என்று அவர் தேடுவது நிவெஸுக்குத் தெரிந்தது. இருந்திருந்தால் அவரே கண்டுபிடித்திருப்பார்.

"உங்க மேல கோவத்துல போனவர்னா, எல்டாம்மா, இன்னிக்கும் எங்கயாவது உயிரோட இருக்கலாம். ஆனா இந்த மனுஷன் கோவப்படலை. நீங்க கேட்ட நீலத்தை அடிச்சுட்டு, படத்தை மாட்டிட்டு, நீங்க வருவீங்கன்னு இருந்திருக்கார். அப்படி இருந்தவர் தப்பிச்சிருந்தா, பதுவா ரெண்டு மணி நேரம்தான். அன்னிக்கே வந்து நின்னிருப்பார்."

எவ்வளவு யோசித்தும் அதில் ஓர் ஓட்டையும் நிவெஸுக்குக் கிடைக்கவில்லை. ஒரு மனுஷன் செத்ததற்கு அத்தாட்சி அவன் வைத்திருந்த பிரியம். இப்படி ஒரு வழக்கு வேண்டாம் என்று அவள் மனதாரச் சபித்தாள்.

"கையேட்டுல அந்தப் பேரைப் பார்த்த அன்னிக்கே எனக்கு இந்த வீடுதான் ஞாபகம் வந்தது" என்றாள் எல்டா. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "பக்கத்துல புவெனஸ் அயர்ஸ்னு அச்சடிச்சிருந்தது. அச்சுல இருக்கே, படிச்சவங்க போட்டிருப்பாங்களேன்னு விட்டுட்டேன். பத்து வருஷமா தெனம் அவனைத் திட்டுவேன். துணி பிழியறப்ப திட்டுவேன். திட்டறதுக்கு ஒரு ஆள் இருந்தான்."

நிவெஸ் கையிலிருந்த ரிப்பனைச் சுருட்டிக்கொண்டாள்.

"அந்தத் தாள்ல தேதி போடணும்" என்றாள் எல்டா. "பதினாலா?"

"பதினாலு" என்றார் ப்ரகாட்டோ.

"மூணு நாள் இருந்திருக்கான். நான் ஒரு நடை வந்திருக்கலாம்."

படியிறங்கும்போது எல்டா நின்றாள். "ஐயா, ஒண்ணே ஒண்ணு. அந்தக் கடைக்காரர்கிட்ட சொல்லுங்க. படம் அவர்கிட்டயே இருக்கட்டும், என் ரூமுல அவ்வளவு பெரிய சுவரே கிடையாது. ஆனா அவன் மாட்டின மாதிரி மாட்டச் சொல்லுங்க. படுக்கவெச்சு."

ஊர்ப் பொதுத் தொலைபேசி சிகரெட் கடையில் இருந்தது. நிவெஸ் இறங்கிப்போய் வெனிஸுக்குப் பேசினாள். எல்லாவற்றையும் சொன்னாள், ஒரு நக்கல்கூட இல்லாமல். மெனிகூச்சி பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்:

"பாவம்தாம்மா. ஆனா கையேடு அச்சாகிடுச்சு. விமரிசனமும் வந்துடுச்சு. எல்லாரும் அதை நின்ன மாதிரி பார்த்துப் பழகிட்டாங்க. சேறுன்னு சொன்னா யார் வந்து பார்ப்பாங்க? இப்படியே நல்லாத்தான் இருக்கு."

அவள் மறுபடி கேட்டாள். அவர் மறுபடியும் அதையேதான் சொன்னார், இன்னும் கொஞ்சம் மரியாதையாக.

காருக்குத் திரும்பி வருகிற இருபதடி தூரத்துக்குள் முகத்தைச் சரிசெய்துகொண்டாள். கதவைத் திறந்து, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, முன்னால் பார்த்தபடியே சொன்னாள்:

"மாத்தி மாட்டிடறேன்னார் எல்டாம்மா. நாளைக்கே."

பின்சீட்டில் எல்டா கையேட்டை மடித்து மடியில் வைத்தாள்.

"வேண்டாம்மா" என்றாள் எல்டா. "பத்து வருஷம் இந்த மாதிரிப் பொய்யை நானே எனக்குச் சொல்லிக்கிட்டேன். அது எப்படிக் கேக்கும்னு எனக்குத் தெரியும்."

நிவெஸ் சாவியைத் திருப்பினாள். மூடுபனி இன்னும் அடர்ந்துவிட்டிருந்தது. முன்விளக்குக்கு அப்பால் நாலடிக்கு மேல் பாதை தெரியவில்லை.